ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டுக்குள்: துடைப்பம், ரொட்டி, கழற்றி எடுத்துப்போகும் சமையலறை

வெள்ளி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் மேடு, மேட்டில் திராட்சைத் தோட்டம். மரியன்பிளாட்ஸ் என்ற இடத்தில் பல்சக்கர ரயில் ஏறினால் தெற்கே டேகர்லோக் மேட்டில் கொண்டுபோய் விடுகிறது. 1884-இல் போட்ட தடம். ரயிலுக்கு முன்னால் சைக்கிள்களுக்கென்றே ஒரு திறந்த பெட்டி. சைக்கிள்கள் முதலில் மலை ஏற, ஆட்கள் பின்னால் போகிறோம்.

என் தங்கை இங்கே எம்.எஸ். படித்தபோது மாடியறையில் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தங்கை ஊருக்குத் திரும்பிய பிறகும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை விடாமல் வரும். "அக்காவை அனுப்பு, அறை சும்மாதான் இருக்கிறது" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டைகள், அருங்காட்சியகங்கள் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வீட்டுக்குள்ளேயே சுற்றப்போகிறேன்.

வாசலில் மூன்று அழைப்பு மணி. மூன்றிலும் குடும்பப் பெயர் மட்டும். கதவு எண் எதுவும் கிடையாது. பெயர் தெரியாமல் வந்தவன் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றினேன். அதில் நமக்குச் சிரமமில்லை. ஆனால் வெறுங்காலோடு நடக்க விடவில்லை. ஒரு கூடை நிறைய கம்பளிச் செருப்புகள், விருந்தாளிகளுக்கென்றே, எல்லா அளவிலும். "கால் சில்லிட்டால் நீர்க்கடுப்பு வரும்" என்றார். நம் பாட்டிமார் பேச்சு ஜெர்மனில் கேட்டது.

கட்டிலில் 80-க்கு 80 சென்டிமீட்டர் சதுரத் தலையணை. தலையை வைத்தால் நடுப்பகுதி அமுங்கி, நான்கு மூலையும் மேலே எழும்பி நிற்கிறது. இறகு அடைத்த போர்வை ஒருவருக்கு மட்டும் போதுமான அளவு. தம்பதிகள் படுக்கும் இரட்டைக் கட்டிலிலும் இங்கே இரண்டு தனிப் போர்வைகள்தான், பல வீடுகளில் மெத்தையும் இரண்டு. நடுராத்திரி போர்வை இழுப்புச் சண்டைக்கு வழியே இல்லை.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வாளி, குவளை என்று கனவு காண்பவர்கள் இந்த ஊருக்கு வந்தால் தரையைத் துடைத்தே இளைத்துவிடுவார்கள்.

ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு. அடுப்பு பற்றவே இல்லை. ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, அதுதான் தட்டு. நடுவில் ரொட்டி, வெண்ணெய், மூன்று வகைப் பாலாடைக்கட்டி, வினிகரில் ஊறிய வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி. அவருக்குக் கொஞ்சம் தொத்திறைச்சி. குடிக்கப் புதினா டீ. சூடான சாப்பாடு மதியத்தோடு சரி, ராத்திரி இப்படித்தான் என்பது இங்கே பழைய வழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் மதியம் அலுவலகக் கேன்டீனில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருவதால் அது இன்னும் பிழைத்திருக்கிறது. பயணக் களைப்பில் ஒரு ரசம் சாதத்துக்கு ஏங்கியது உண்மைதான். ஆனால் அந்த ரொட்டி! கம்பும் கோதுமையும் கலந்ததுபோல் கருத்த நிறம், ரை தானியத்தின் புளித்த மாவு, மேல் ஓடு மொறுமொறுவென்று பல்லுக்கு வேலை வைத்தது. ஜெர்மானிய ரொட்டிப் பண்பாட்டை 2014-இல் அந்நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு முழுக்கப் பதிவான ரொட்டி வகைகள் மூவாயிரத்துக்கு மேல். வெள்ளை சாண்ட்விச் ரொட்டியை இவர் ரொட்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டோஸ்டுக்கு ஆகும், அவ்வளவுதான் என்கிறார்.

சனி

காலை எட்டரைக்கு மாடிப்படியில் துடைப்பச் சத்தம். இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர், முப்பது வயது இருக்கும், காதில் ஹெட்ஃபோனுடன் படியைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடியைத் துடைத்து, கதவுக் கண்ணாடியையும் துடைத்தார். அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்ன மரப் பலகை தொங்கியது. இந்த வாரம் அவர் முறை. வேலை முடிந்து வாரம் கழிந்ததும் பலகை அடுத்த வீட்டுக் கதவுக்குப் போகும்.

இதுதான் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வேபியப் பகுதியின் புகழ்பெற்ற கேர்வோக்க, அதாவது பெருக்கும் வாரம். ஜெர்மனியின் மற்றப் பகுதிக்காரர்கள் இதைச் சொல்லியே ஸ்டுட்கார்ட்காரர்களைக் கிண்டல் அடிப்பார்கள். வாரந்தோறும் அவரவர் குப்பையை அவரவர் அகற்ற வேண்டும் என்ற விதி இந்த ஊரில் 1492-லேயே இருந்திருக்கிறது. கொலம்பஸ் கடலில் இருந்த வருடம். நகராட்சி 1988-இல் தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் அந்த ஷரத்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அதனால் பலகையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்ன முறை என்றால் உங்கள் தளத்துப் படி மட்டும். பெரிய முறை என்றால் நிலவறை, முற்றம், வீட்டு முன் நடைபாதை எல்லாம். பனிக்காலத்தில் பனி வழிப்பதும் சேரும். அக்டோபரில் மேப்பிள் இலை கொட்டுகிற கொட்டில் நடைபாதையைப் பெருக்கி நிமிர்வதற்குள் பின்னால் இன்னொரு விரிப்பு விழுந்துவிடுகிறது.

"அழுக்கே இல்லாத படியை எதற்குத் துடைக்க வேண்டும்?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தால் யார் முடிவு செய்வது? இப்போது யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை பாருங்கள்" என்றார்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் படி பெருக்கும் ஆள் வராத வாரம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் யுத்தத்தை நினைத்துக்கொண்டேன். பேச வேண்டியதில்லை என்பதை அவர் ஒரு வசதியாகச் சொன்னார். எனக்கு அது முழுக்க வசதியாகப் படவில்லை.

மதியத்துக்குள் கடைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை வாங்க வேண்டும். போகும்போது காலி பாட்டில்கள் ஒரு பை நிறைய. கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் முன்பணம் திரும்ப வருகிறது. ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், திரும்ப நிரப்பும் பீர் பாட்டிலுக்கு 8, தண்ணீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 15. 25 சென்ட் ஏற்பாடு 2003-இல் வந்தது. தெருவில் குடித்தவர்கள் காலிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அடியில் நிறுத்திவைக்கிறார்கள். பாட்டில் பொறுக்கி வாழ்கிறவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாமே என்று. பணக்கார நாட்டில் அந்த வரிசையில் வயதானவர்களைப் பார்ப்பது மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு

சத்தமே இல்லை. எல்லாக் கடையும் மூடல்; ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, இவ்வளவுதான் திறந்திருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதற்கு இங்கே அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. 1919-இன் வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவை இன்றைய சட்டம் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. இன்று புல்வெட்டும் இயந்திரத்தை இயக்கக் கூடாது. சுவரில் துளை போடக் கூடாது. கண்ணாடிப் பாட்டில்களைப் பொதுத் தொட்டியில் போடக்கூடக் கூடாது, உடையும் சத்தம் கேட்குமாம்.

பிற்பகல் மூன்றரைக்கு காபியும் கேக்கும். முந்தின நாளே பழக்கடையில் வாங்கிய நீளப் பிளம்ஸ் பழங்களைக் கொட்டை நீக்கி, ஈஸ்ட் மாவின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போல நெருக்கமாக அடுக்கி ஒரு பெரிய தட்டு முழுக்கச் சுட்டிருந்தார். மேலே சர்க்கரையே போடாமல் அடித்த க்ரீம். புளிப்புக்கும் க்ரீமுக்கும் நல்ல பொருத்தம். எனக்கு இரண்டாவது துண்டை வைத்தபோது நாசூக்காக "வேண்டாம்" என்றேன். சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்று முறை மறுத்து நான்காவது முறை வாங்கிக்கொள்ளும் நம் நாடகத்துக்கு எதிர்ப்பாட்டு பாட ஆள் இல்லை.

காபி இறக்கியது பீங்கான் கூம்பில் காகித வடிகட்டி வைத்து. அந்தக் காகிதமே இந்நாட்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்ததுதான். டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, காபியில் கசடு வருகிறதே என்று சலித்து, பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, மகனின் பள்ளி நோட்டில் இருந்த மையொற்றும் தாளைக் கிழித்து அதில் விரித்தார். 1908-இல் பதிவு செய்தார், அதே வருடம் 73 பென்னிங் முதலில் கம்பெனியும் தொடங்கினார். நம் ஊர் ஃபில்டருக்குத் தாள் தேவைப்படவில்லை என்று நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன். "அதை எப்படிக் கழுவுவீர்கள்?" என்றார் உடனே. பதில் சொல்ல முடியாத கேள்வி. அடைத்துக்கொண்ட ஃபில்டரை அடுப்பில் காட்டி வாயால் ஊதும் காட்சியை அவருக்கு எப்படி விளக்குவது?

மேசை பற்றி ஒரு வார்த்தை. சமையலறை மூலையில் 'ட' வடிவத்தில் மரப் பெஞ்சு. உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே மேசை விரிப்பு, மெழுகுவத்தி, பழைய செய்தித்தாள். மேசைக்கு மேல் விளக்கு மிகத் தாழ்வாகத் தொங்குகிறது, முகத்துக்கு அடியில் வெளிச்சம். அறையின் மற்ற பாகம் இருட்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்த எனக்கு முதலில் கண் கட்டிய மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது, அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தால் எழுந்து போக மனசு வரவில்லை.

திங்கள்

இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டிகள் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்: காகிதம் தனி, மக்கும் குப்பை தனி, பொட்டல உறைகள் தனி, மிச்சம் தனி, கண்ணாடி வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று. நீலப் பாட்டில் பச்சையோடு சேரும். அவ்வளவுதான்.

ஜன்னல்தான் எனக்குச் சுவாரசியம். ஒரே கைப்பிடி: கீழ்நோக்கி இருந்தால் பூட்டு, பக்கவாட்டில் திருப்பினால் கதவு போல முழுக்கத் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சாயும். காலையிலும் மாலையிலும் ஹீட்டரைக் குறைத்து, எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் குளிர்காற்றை உள்ளே விடுகிறார். பிறகு எல்லாம் அடைப்பு. பழைய வீடுகளுக்கெல்லாம் இறுக்கமான இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்ட பிறகு, மூச்சிலும் சமையலிலும் குளியலிலும் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை வந்தால் யார் பொறுப்பு என்று குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும் நீதிமன்றம் வரை போகிறார்கள். என் தங்கை குக்கர் வைத்த முதல் நாள், விசில் கேட்டு வீட்டுக்காரம்மா மாடிக்கே ஓடிவந்தாராம். விபத்தில்லை என்று தெரிந்ததும் அடுத்து சொன்னது: "சரி, ஜன்னலைத் திறந்துவை."

புதன்

ஃபிராங்க்ஃபர்ட் போய் வந்தேன், வேகரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கே போனது ஒரே ஒரு சமையலறையைப் பார்க்க.

முதல் உலகப் போர் முடிந்து வீடில்லாமல் மக்கள் தவித்த காலம். 1925-இலிருந்து எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி ஆயிரக்கணக்கில் மலிவு வீடுகள் கட்டியது. அதற்குச் சமையலறை வரைய வியன்னாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். ரயிலின் உணவுப் பெட்டியில் இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். தொழிற்சாலையில் அளப்பது போல, பெண்கள் அடுக்களையில் எத்தனை அடி நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். 1926-இல் வந்தது ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. அகலம் இரண்டு மீட்டருக்குக் குறைவு, நீளம் மூன்றரை மீட்டர் போல. ஏறக்குறைய 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். இன்று உலகம் முழுக்க 'மாடுலர் கிச்சன்' என்று விற்கிறார்களே, அதன் தாய் இதுதான்.

ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டை அந்தக் காலத்து நிலைக்கே திருப்பி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் நிறம்தான் முதலில் இடிக்கிறது: நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே வேலை மேடை, உட்கார்ந்து காய் நறுக்க உயரம் மாற்றும் சுழல் முக்காலி, மேடையிலேயே ஒரு திறப்பு, தோலைத் தள்ளினால் அடியில் இருக்கும் இழுப்புத் தட்டில் விழும். விளக்கு ஒரு தண்டவாளத்தில் ஓடும். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே இழுத்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பலகை சுவரோடு மடிந்திருக்கிறது. அலுமினியக் கொட்டுகலன்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்து. பிடித்து வெளியே இழுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம், கரண்டி வேண்டாம். ஒன்றை இழுத்துப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு அருகில் ஆன பொருள், இன்னும் வழுக்கிக்கொண்டு வருகிறது. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. ஓக்கின் துவர்ப்புக்கு மாவுப்புழு அண்டாது என்பதால்.

இத்தனையும் வரைந்தவர், அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை, வீட்டு நிர்வாகமும் செய்ததில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். நாஜிக்களை எதிர்த்ததற்காகச் சிறையில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, 2000-ஆம் வருடம் 103-ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன் இறந்தார்.

மேடையிலிருந்து திரும்பினால் அடுப்பு, அடுப்பிலிருந்து திரும்பினால் தொட்டி. நடக்கவே வேண்டாம். ஆனால் இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் திரும்ப முடியாது. என்னோடு வந்த ஓர் அம்மாள் உள்ளே நின்றபோது நான் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இத்தனை கணக்கும். அதே கணக்கு அவளைத் தனியாக உள்ளே நிறுத்திவிட்டது என்று பின்னால் வந்த பெண்ணியவாதிகள் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். கூடத்துக்கு நடுவில் நழுவு கதவு வைத்ததே, சமைத்தபடி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான். இருந்தாலும் விமர்சனம் நியாயம் என்றே எனக்குப் பட்டது. வெங்காயம் உரிக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், சும்மா உட்கார்ந்து கதை சொல்ல ஒருவர் என்று நான் பார்த்த அடுக்களைகளுக்கு இதில் இடமில்லை. ஆனால் அந்த அடுக்களைகளில் ஆறு மணி நேரம் நின்றது யார் என்றும் ஒரு கேள்வி இருக்கிறது அல்லவா.

வியாழன்

இன்று மதியம் பருப்பும், ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸும். ஸ்வேபியர்களின் தேசியச் சாப்பாடு. வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு போட்டுப் பருப்பு வேகவைத்து, மெல்லிய நீளத் தொத்திறைச்சி ஒரு ஜோடி மேலே வைப்பார்கள். எனக்காகக் கொழுப்பு இல்லாமல் செய்து, தொத்திறைச்சியைத் தனிப் பாத்திரத்தில் சுட வைத்துக்கொண்டார். முட்டை எனக்கு ஆகும், நல்லவேளை.

ஷ்பெட்ஸ்லே மாவுக்கு அவர் கணக்கு: ஆளுக்கு நூறு கிராம் மாவு, ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். நடுவில் ஓட்டை உள்ள மரக்கரண்டியால் அடி அடியென்று அடிக்க வேண்டும், மாவில் குமிழி கிளம்பும் வரை. கையை மாற்றிக்கொண்டு நானும் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் தோள் விட்டுப்போனது. அப்புறம் பார்க்க வேண்டும் அந்த வித்தையை. கைப்பிடி உள்ள சின்னப் பலகையை வெந்நீரில் நனைத்து, ஒரு கரண்டி மாவை மேலே மெல்லியதாகப் பரப்பி, பலகை நுனியைக் கொதிக்கும் பாத்திரத்தின் விளிம்பில் சாய்த்து, நீளத் தகட்டால் நுனியிலிருந்து நூல் நூலாகச் சீவித் தள்ளுகிறார். டக், டக், டக் என்று ஒரே தாளம். நடுநடுவே பலகையை ஒரு முக்கு. உள்ளே விழுந்தது அடியில் போய் ஒரு நொடி யோசித்துவிட்டு மேலே மிதந்து வரும், வந்ததும் ஜல்லிக்கரண்டியால் அள்ள வேண்டும். இதற்கென்று பிழியும் அச்சு கடையில் கிடைக்கிறது, பல வீடுகளில் அதுதான். அச்சில் பிழிந்தால் எல்லாம் ஒரே தடிமனாக வரும், குழம்பு ஒட்டாது என்று அதை மேல் தட்டில் தூங்கவிட்டிருக்கிறார்.

பருப்பு நம் முழு மசூர் பருப்பின் உறவுதான், இன்னும் சிறியது, கரும்பச்சை. ஊருக்குத் தெற்கே இருக்கும் ஸ்வேபிய ஆல்ப் மேட்டுநிலத்தில் விளைந்தது. கல்லும் சுண்ணாம்புமான அந்த மண்ணில் ஏழைகளின் பயிராக நூற்றாண்டுகள் இருந்துவிட்டு, 1950கள், 60களில் அடியோடு மறைந்துபோனது. பருப்புச் செடி தானாக நிற்காது. பார்லியோ ஓட்ஸோ கூடவே விதைத்தால் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும், அறுவடைக்குப் பின் இரண்டையும் பிரிக்க வேண்டும். கட்டுப்படியாகாத வேலை. 1980களில் ஒரு விவசாயி வெளிநாட்டு விதை வைத்து மறுபடி ஆரம்பித்தார். உள்ளூர்ப் பழைய ரகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் 2006-இல் அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வவிலோவ் விதை வங்கியில் இருந்தது தெரியவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த நகரத்தை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது, விதைகளைத் தின்னாமல் காத்து அதன் ஊழியர்கள் சிலர் பசியிலேயே செத்தார்கள். அதே வங்கிதான். வீட்டுக்காரம்மா இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது மேசைக்கு வினிகர் பாட்டில் வருகிறது. ஆளாளுக்கு வேண்டிய அளவு பருப்பில் ஊற்றிக்கொள்ள வேண்டும். புளிப்பு இல்லாத பருப்பு எனக்கும் இறங்காது, தாராளமாக ஊற்றினேன். "நீங்கள் ஸ்வேபியராகவே பிறந்திருக்கலாம்" என்றார். கையில் கொண்டுவந்த மிளகாய்ப்பொடியைத் தூவியதும் அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெள்ளி

இன்று மாலை உல்பாக். நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் திராட்சைக் கிராமம். ஒரு வீட்டு வாசலில் கம்பு நட்டு, ரிப்பன் கட்டிய துடைப்பம் தொங்குகிறது. துடைப்பம் தொங்கினால் அந்தத் திராட்சை விவசாயியின் வீடு இன்று திறந்திருக்கிறது, யாரும் போய் உட்காரலாம். சொந்த ஒயினைச் சொந்த வீட்டில் விற்க உரிமம் வேண்டாம். ஆனால் 40 இருக்கைக்கு மேல் கூடாது, வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது, சாப்பாடு எளிமையாக இருக்க வேண்டும். கூடத்தையோ கொட்டகையையோ காலி செய்து நீள மேசைகள் போட்டுவிடுகிறார்கள்.

எங்களுக்கு இடம் கிடைத்தது முன்பின் தெரியாத இரண்டு குடும்பத்துக்கு நடுவில். முழங்கையை மடக்கிக்கொண்டால்தான் உட்கார முடியும். ஒயின் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் கால் லிட்டராக வருகிறது. ட்ரோலிங்கர் என்ற வெளிர் சிவப்பு ஒயின் இந்தப் பகுதியின் செல்லம். இது அக்டோபர் ஆனதால் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் இளம் ஒயினும் உண்டு: கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுறுசுறுவென்று. அதன் பாட்டிலை இறுக மூடினால் வெடித்துவிடும், ஆகையால் கடையில்கூட நிமிர்த்தியே வைத்து விற்கிறார்கள். அதற்குத் துணை வெங்காயமும் முட்டையும் புளித்த க்ரீமும் சேர்த்துச் சுட்ட கேக், சூடாக.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், சோற்றைக் கையால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். வாரம் முழுக்க யாரும் யார் கதவையும் தட்டாத தெருவில் இருந்துவிட்டு வந்த எனக்குத் திகைப்பாக இருந்தது. பேத்தியைப் பார்க்கக்கூட இரண்டு நாள் முன்னால் போன் செய்து நேரம் குறித்துக்கொள்ளும் வீட்டுக்காரம்மா, இங்கே அடுத்தவர் தட்டிலிருந்து ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்டார். கூட்டமும் கலகலப்பும் இவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. அதற்கும் ஒரு வாசல், ஒரு அடையாளம், ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். துடைப்பம் தொங்காத நாளில் அதே வீட்டு மணியை அடித்துப் பாருங்கள் தெரியும்.

சனி

இன்று வீட்டுக்காரம்மாவின் மகனுக்கு வீடு மாற்றல். ஸ்டுட்கார்ட் மேற்கில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து எஸ்லிங்கனுக்கு. நானும் போனேன். தெருவில் வேன் நிறுத்த நகராட்சியில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, 'இன்ன தேதி இங்கே நிறுத்தாதே' என்ற பலகை வைத்திருந்தார்கள். படிக்கட்டில் ஒரு தாள்: இன்று வீடு மாறுகிறோம், சத்தத்துக்கு மன்னிக்கவும். தூக்க வந்தது நண்பர்கள் எட்டுப் பேர். கூலி, வெண்ணெய் தடவிய ப்ரேட்சலும் கடைசியில் பீரும்.

மேசை, கட்டில், புத்தக அலமாரி இறங்குவதை எங்கும் பார்க்கலாம். இங்கே சமையலறை இறங்கியது. மேல் கப்போர்டுகள் சுவரில் ஓர் இரும்புப் பட்டையில் தொங்குகின்றன. தூக்கினால் கழன்று வருகிறது. அடுப்பு, அவன், ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், சிங்க், குழாய், எல்லாம். கடைசியாகச் சமையல் மேடையின் மூன்று மீட்டர்ப் பலகையைப் படிக்கட்டு வளைவில் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பி நான்கு பேர் இறக்கினார்கள். சிங்க் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் தலையை நீட்டி வழி பார்த்துக்கொண்டார்.

மிஞ்சியது வெறும் அறை. சுவரில் இரண்டு குழாய் முனை, கூரையில் கம்பி நுனி. விளக்கையும் கழற்றிவிட்டார்கள். ஆணித் துளைகளை அடைத்து வெள்ளையடித்துத் தர வேண்டும் என்பது அவர்கள் ஒப்பந்தம். இந்த நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், அதுவும் பத்து இருபது வருடம் அசையாமல். ஆகவே சமையலறையை வீட்டுக்காரர் போட்டுத் தருவது பல இடங்களில் வழக்கமில்லை. குடித்தனக்காரர் தன் காசில், தன் ருசிக்குப் போட்டுக்கொள்கிறார். போகும்போது அடுத்து வருபவரிடம் விலை பேசி விற்கலாம், அல்லது இப்படிச் சுமக்கலாம். அலமாரிகளும் மெஷின்களும் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலத்தில் செய்யப்படுவதால்தான் ஒரு வீட்டுச் சமையலறை இன்னொரு வீட்டில் பொருந்தும் என்ற நம்பிக்கையே வருகிறது.

நம்பிக்கை நாலு சென்டிமீட்டரில் உடைந்தது. எஸ்லிங்கன் வீட்டில் ஒரு குழாயை மறைக்கச் சுவர் புடைத்துக்கொண்டு நின்றது, வரைபடத்தில் அது இல்லை. மருமகள் ஃப்ரிட்ஜை வேறு சுவருக்கு மாற்றலாம் என்றாள். மகன் பலகையை அறுக்கலாம் என்றார். நண்பர்களில் ஒருவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தரையே சாய்வு என்று புதிய பிரச்சினையைக் கண்டுபிடித்தார். ஒரு மணியிலிருந்து மூன்று வரை அந்தக் கட்டடத்தில் ஓய்வு நேரம், ரம்பம் போடக் கூடாது. எல்லாரும் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டோம். சூப்புத் தண்ணீர் ஊற்றிக் கொழகொழவென்று செய்தது, மயோனைஸ் வடக்கத்தியர் வேலை என்று எனக்குத் தனியாக எச்சரிக்கை வந்தது.

அந்த நேரத்தில் மருமகள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இன்று குடி வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். புதிதாக வருகிறவர்தான் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். வீட்டுக்காரம்மா துணியில் சுற்றி ஒரு ரொட்டியும் ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தார். புது வீட்டுக்கு இங்கே அதுதான் சீர். நாமும் முதலில் உப்பைத்தான் எடுத்துப்போவோம் என்று சொன்னதும், உப்பைப் பிரித்து என் கையிலேயே கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்.

மூன்று மணிக்கு ரம்பம் ஓடியது. ஏழு மணிக்குள் கப்போர்டுகள் ஏறிவிட்டன, சிங்கில் தண்ணீர் வந்துவிட்டது, பலகை நேராக இல்லை என்று கணவனும் மனைவியும் இரண்டு முறை சண்டை போட்டாகிவிட்டது. அடுப்பு மட்டும் பாக்கி. அது மூன்று ஃபேஸ் இணைப்பு. தகுதி பெற்ற மின்பணியாளர்தான் கம்பி கொடுக்க வேண்டும், அவர் வியாழக்கிழமைதான் வருவார். ஐந்து நாள் சமையல் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. அதுதான் ரொட்டி இருக்கிறதே என்றாள் மருமகள்.